தேங்காய்த் துருவிக்கு விழுந்த வரி

என் தம்பி பாபுவிடம் ஒரு கேள்வி கேட்பதற்காகத்தான் இந்த முறை சென்னைக்குப் போனேன். தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். அதற்காகவே பல தடவை அவனைக் கூப்பிட்டு, மழையைப் பற்றியும் அவன் முழங்கால் வலியைப் பற்றியும் விசாரித்துவிட்டு வைத்திருக்கிறேன். முகத்தைப் பார்த்துக் கேட்பதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முகத்தைப் பார்த்தால் கேட்காமலே திரும்பிவிடலாம் என்ற நப்பாசையும் உள்ளே இருந்தது.

பாபு ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருக்கிறான். தேங்காய்த் துருவி செய்கிறான். சமையல் மேடையில் வைத்து அழுத்தினால் ரப்பர் அடிப்பாகம் கவ்விக்கொள்ளும். கைப்பிடியைச் சுற்றினால் பூப்பூவாகக் கொட்டும். நான் நியூ ஜெர்சியில் சின்னதாக ஒரு பாத்திரக் கடை நடத்துகிறேன். அவன் செய்வதை நான் விற்பேன். நம்மவர்கள் மட்டுமல்ல, ஜமைக்காக்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள் என்று தேங்காய் தின்கிறவர்கள் எல்லாரும் அந்தத் துருவிக்காக என் கடைப்படி ஏறியிருக்கிறார்கள்.

அமெரிக்கா இந்தியச் சரக்கின் மேல் வரியை ஏற்றியது. ஏறத்தாழ சரக்கின் விலையில் பாதியை வரியாகக் கட்ட வேண்டும் என்றார்கள். உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்றவே இந்த வரி என்று செய்தியில் ஒருவர் விளக்கினார். அமெரிக்காவில் தேங்காய்த் துருவி செய்கிற உள்நாட்டுத் தொழில் எது என்று நானும் தேடிப் பார்த்தேன். ஒருவர்கூடத் தட்டுப்படவில்லை. ஆனாலும் வரி வரிதான். விலையை ஏற்றினேன். வாங்க வந்தவர்கள் கையில் எடுத்துப் பார்த்து, திரும்ப அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆர்டரை நிறுத்தச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. ஆர்டர் இருந்தவரை, நான் கடையைத் திறந்து விளக்கைப் போடுகிற நேரம் பார்த்து பாபு கூப்பிடுவான். "அக்கா, ரப்பர் வரல." "அக்கா, கப்பல் கெளம்பிடுச்சி." "அக்கா, பச்சைக் கைப்பிடி போடவா, கறுப்பா?" நாங்கள் பாசத்தைப் பேசுகிற குடும்பம் இல்லை. சரக்கைப் பேசுகிற குடும்பம். சரக்கு நின்றதும் அவன் கூப்பிடுவது குறைந்தது. நானாகக் கூப்பிட்டாலும் இரண்டு நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துபோனது.

அந்தச் சமயத்தில்தான் பென்சில்வேனியாவில் வால்டர் என்ற பட்டறைக்காரரை ஒருவர் அறிமுகப்படுத்தினார். வால்டருக்கு எழுபது வயது இருக்கும். அவருடைய கொட்டகை கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தது. இயந்திரங்களில் பாதி தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. "ஒரு காலத்தில் இங்கே நின்று பேச முடியாது, அவ்வளவு சத்தம்" என்றார். இப்படி ஒரு வரி வராதா என்று பல வருஷமாகக் காத்திருந்தாராம். துருவியைப் பிரித்துப் பார்த்து, தன்னால் செய்ய முடியும் என்றார். தகட்டை வெட்டி வளைக்கிற இரும்பு அச்சு, பட்டறைக்காரர்கள் 'டை' என்பார்களே, அது மட்டும் ஒரு செட் வேண்டும். அந்த மனிதரை வெறுக்கத் தயாராகத்தான் போயிருந்தேன். அவரோ தன் கையாலேயே காபி போட்டுக் கொடுத்து, சூடு போதுமா என்று கேட்டார்.

ஆக, நான் கொண்டுபோன கேள்வி இதுதான்: பாபு, நீ செய்வதை நாங்களே அங்கே செய்துகொள்கிறோம், அதற்கு ஒரு செட் டை செய்து கொடுப்பாயா?

*

விமான நிலையத்துக்கு வெளியே மழை. பாபு பட்டறையின் சின்னச் சரக்கு வண்டியான குட்டியானையோடு நின்றிருந்தான். மழை என்பதால் டாக்ஸிக்காரர்கள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லையாம். என் பெட்டிகளைப் பின்னால் அட்டைப்பெட்டிகளோடு சேர்த்து ஏற்றி, நீல பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக் கட்டினான்.

"இன்னாக்கா, எளச்சிட்ட?"

"நீ மட்டும் இன்னா, பெருத்தா கீற?" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டேன். அங்கே வருஷக்கணக்காக ஒளிந்திருக்கும் பேச்சு, மீனம்பாக்கத்தில் இறங்கினால் தானாகவே வெளியே வந்துவிடுகிறது.

அடையாறு சிக்னலைத் தாண்டுவதற்குள் ஒரு தூக்கம் போடலாம் போலிருந்தது. மெட்ரோ ரயிலுக்காக ஊரைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சாலையின் நடுவே தகர வேலி, அதற்குள் ராட்சசக் கிரேன், வேலியின் இரண்டு பக்கமும் ஒற்றையடிப் பாதையாக ஊரும் வண்டிகள். நான் வசிக்கும் ஊரில் ஒரு குழி தோண்டினால் அரை மைலுக்கு முன்பே பலகை வைத்து மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பக்கத்து ஆட்டோக்காரர் எங்கள் வண்டியின் கண்ணாடியைத் தட்டி, "அண்ணாத்த, லஸ்ஸுக்கு இப்டிப் போலாமா, இல்ல அதுவும் மூடிட்டானா?" என்றார். பாபு, "தெர்ல நைனா, நானும் உன்னத்தான் பாலோ பண்ணிக்கினு கீறேன்" என்றான்.

மயிலாப்பூரில் மூன்றாவது மாடியில் பாபுவின் வீடு. அவன் மனைவி ரேவதி நங்கநல்லூர்க்காரி. நிதானமாகப் பேசுவாள், எதையும் விட்டுவிட மாட்டாள். சுடச்சுடப் பொங்கலைத் தட்டில் போட்டுவிட்டு, "இந்தத் தடவை என்ன அண்ணி, திடீர்னு?" என்றாள்.

"சும்மாதான், பாக்கணும்போல இருந்தது."

நெய்யை ஊற்றிக்கொண்டே என்னை ஒரு முறை பார்த்தாள்.

*

மறுநாள் காலையில் ரேவதியோடு நொச்சிக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போனேன். கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மீன் விற்கிற மேரியம்மாவிடம்தான் ரேவதி எப்போதும் வாங்குவாள். மேரியம்மா அன்னக்கூடையைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே விரல் நீள இறால்கள்.

"எறா பாரும்மா, இன்னா சைசு! நெல்லூர்ப் பண்ணை எறா. கப்பலேறிப் போவ வேண்டியது. அமெரிக்காக்காரன் வரியப் போட்டான், இங்க வாங்கறவன் வேணான்னுட்டான். அதான் நம்மகிட்ட வந்து கீது. வாங்கிக்கினு போய் நல்லாத் துன்னு."

"எங்க அண்ணி அமெரிக்காவுலேர்ந்துதான் வந்திருக்காங்க" என்றாள் ரேவதி.

மேரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ நீயே வந்து வாங்கிக்கினியா? கப்பல் செலவு மிச்சம்!" என்று சிரித்தார். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களும் சிரித்தார்கள். எடை போடும்போது அவருடைய குரல் தணிந்தது. "உனக்கு நல்லாத்தான் கீது. எங்க ஊட்டு ஆளு கடல்ல போய்ப் புடிச்சிக்கினு வர எறாவ எவன் வாங்கறான்? இது மலிவு, இதத்தான் கேக்கறாங்க. நானும் இதத்தான் விக்கறேன். அவரு கட்டுமரத்துல... போட்டுல போய் அடிபட்டு வராரு, நான் அவரு எறாவ ஒதுக்கிட்டு இத விக்கறேன். எப்டிம்மா?"

நியூ ஜெர்சியில் இதே இறால், உறைந்த பையில், விலையைப் பார்த்தவுடன் கை பின்வாங்குகிற பண்டமாக ஆகிவிட்டது. அங்கே எனக்கு எட்டாமல் போனது, இங்கே இவருடைய கணவரின் வலைக்குப் போட்டியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. யாரோ எங்கோ கதவைச் சாத்தினால், காற்று வேறு யார் வீட்டு விளக்கையோ அணைக்கிறது.

கொஞ்சம் கடல் இறாலும் வாங்கினோம். மதியம் ரேவதி தொக்கு வைத்தாள். அவளுடைய சமையலறையில் நான்தான் தேங்காய் துருவிக் கொடுத்தேன். பாபு செய்த துருவி, கறுப்புக் கைப்பிடி. கடல் இறால்தான் ருசி. ஆனால் அதைச் சாப்பிடும்போதே அடுத்த வருஷம் இதற்காக ஏங்கப்போகிறோம் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. ஊருக்கு வருகிற ஒவ்வொரு முறையும் இந்தச் சங்கடம் உண்டு. தட்டில் இருக்கும்போதே நினைவாக மாறத் தொடங்கிவிடும்.

*

அடுத்த நாள் பாபுவின் ஸ்கூட்டரில் பட்டறைக்குக் கிளம்பினோம். சைதாப்பேட்டைக்கு வந்ததும் பின்சக்கரம் காற்றிறங்கி உட்கார்ந்தது. பஞ்சர் கடைக்காரர் டயரைக் கழற்றுவதற்குள், எதிரே ஒரு தள்ளுவண்டியில் இட்லியும் வடகறியும் தின்றோம். பாபு தன் தட்டிலிருந்த வடகறியில் பாதியை என் இட்லியின் மேல் தள்ளினான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கேட்காமல் தள்ளுவான். இப்போது கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். பஞ்சர் கடைக்காரர், "ஆச்சி சார்" என்று கூப்பிட்டார்.

பட்டறைக்குள் நுழைந்ததும் எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த வாசனை. பிரஸ் இயந்திரத்தில் சங்கீதா என்ற பெண் வேலை செய்துகொண்டிருந்தாள். நான் அனுப்பிய படங்களில் பார்த்திருப்பாள்போல, உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"அமெரிக்கா அக்காதான நீங்க? பெட்டி எப்போக்கா மறுபடியும் போவும்?"

"சீக்கிரம்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தை அன்று முழுக்க என்னை அரித்தது.

சுவரோரம் என் கடை முகவரி ஒட்டிய அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. நான் நிறுத்தச் சொல்வதற்கு முன்பு செய்து முடித்த சரக்கு. அதைப் பற்றி பாபு என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

"இத்தன கெடக்குதா? ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? வருத்தப்படுவ. வுடு, ஜாஃபர் பாய் எடுத்துக்கறேன்னுகீறாரு."

ஜாஃபர் பாய் தி. நகரில் பாத்திரம் மொத்த வியாபாரம் செய்கிறவர். சில வருஷங்களுக்கு முன்பு வரை சீனாவிலிருந்து துருவி, பீலர், கத்தி என்று கொண்டுவந்து விற்றார். பாபுவின் துருவியை யாரும் சீண்டாத காலம் அது. பிறகு இந்திய அரசாங்கம் வெளிநாட்டுச் சமையலறைச் சாமான்களின் மேல் வரியை ஏற்றியது. சீனத் துருவி விலை ஏறிற்று. பாபுவின் பட்டறை பிழைத்தது.

"அன்னிக்கு இந்தப் பட்டறையில ஜாங்கிரி குடுத்தேன்கா. நம்மள மாதிரி ஆளுங்களக் காப்பாத்தத்தான் வரின்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். இப்போ ஒங்க ஊர்க்காரன் அதே வார்த்தையச் சொல்லிக்கினு எனக்குப் போடறான். இன்னா பேச முடியும்? வாய மூடிக்கினு கீறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

*

பாபு புதுக் கைப்பிடி ஒன்றை மாதிரிக்காக ஜாஃபர் பாயிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தான். அதை எடுத்துக்கொண்டு தி. நகர் போனேன். ஆட்டோ பனகல் பூங்காவுக்கு முன்பே நின்றுவிட்டது. "இதுக்கு மேல வண்டி போவாதும்மா, நீ நடந்தா எனக்கு முன்னாடி போய்டுவ" என்றார் ஓட்டுநர். தீபாவளி முடிந்தும் கூட்டம் குறையவில்லை. முழங்கால் வரை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேங்கிய தண்ணீரில் நடந்தேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் கைப்பிடி.

ஜாஃபர் பாய் கடையின் உட்புறம் உட்கார்ந்து, போனில் உருதுவில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தார். "இன்றைக்கு நீ சமைக்க வேண்டாம், கண்ணே, மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்கிறாயே, சாப்பாடு நான் கொடுத்து அனுப்புகிறேன்" என்பது எனக்குப் புரிந்த அளவில் அந்தப் பேச்சின் சாரம். வைத்துவிட்டுத் தமிழுக்குத் திரும்பினார்.

"வாங்கம்மா, பாபுவோட அக்காதானே? மொகத்துலயே இருக்கு."

டீ வரவழைத்தார். கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு அவரைப் பார்த்ததிலிருந்து கேட்க வேண்டும் என்றிருந்தது. "பாய், அந்த வரி வந்தப்போ உங்களுக்கு பாபு மேல கோவம் இல்லியா?"

"இருந்துச்சே! உங்க தம்பியக் காப்பாத்தின வரிதான் என் சீனா வியாபாரத்த முடிச்சிது. ஒரு வருஷம் அவரு மொகத்துலயே முழிக்கல. அப்புறம் என்ன பண்றது, கடைக்குச் சரக்கு வேணுமில்ல? நானே தேடிப் போய் வாங்கினேன். நல்ல சரக்குதான், குறை சொல்லக் கூடாது." டீயை ஒரு வாய் குடித்தார். "காசு போனது வேறம்மா, அதை வேற சரக்குல எடுத்துட்டேன். ஆனா சீனாவுல லின்னு ஒரு பொம்பள. அந்தம்மா கிட்டத்தான் வாங்குவேன். வருஷம் ரெண்டு தடவ போவேன். பாஷை தெரியாது, கால்குலேட்டர்ல தட்டித் தட்டித்தான் பேச்சு. நான் பன்னி சாப்பிட மாட்டேன்னு எனக்குன்னு ஒரு தனிச் சட்டி வாங்கி வச்சிருந்துச்சு அந்தம்மா. நூடுல்ஸ் போட்டு முட்டை உடைச்சு ஊத்திக் குடுக்கும். எனக்குக் கூடப் பொறந்த பொம்பளப் புள்ளையே இல்லம்மா."

போனை எடுத்துக் காட்டினார். பெருநாள் வாழ்த்தாகப் பிறையும் பூவும் போட்ட ஒரு படம். "இது மட்டும் வரும். நானும் அவங்க புது வருஷத்துக்கு ஒரு பூ அனுப்புவேன். அவ்ளோதான். வேற என்னத்தப் பேசறது? ரேட்டு கேக்க முடியாது, டெலிவரி எப்போன்னு கேக்க முடியாது. அதத் தாண்டிப் பேச எங்களுக்குத் தெரியல." போனைக் கவிழ்த்து வைத்தார். "அந்தச் சட்டி இப்போ யாருக்கு ஆவுதோ."

வெளியே வந்து வெகுநேரம் ஒரு துணிக்கடையின் வாசலில் நின்றேன். மழைக்கு ஒதுங்கியவர்கள் என்னை இடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அழ வேண்டும்போல இருந்தது. அவருக்காகவா எனக்காகவா என்று பிரித்துப் பார்க்கவில்லை.

*

அன்று மாலை ரேவதி துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "அண்ணி, நீங்க எதையோ சொல்லத்தான் வந்திருக்கீங்க. சொல்லிடுங்க. அவரும் ஏதோ கேக்கணும்னு இருக்காரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சாப்பிடச் சொல்லிக்கிட்டே இருக்கீங்க, எனக்குத்தான் மூச்சு முட்டுது."

மறுநாள் மழை விட்டிருந்தது. பாபுவை அழைத்துக்கொண்டு அடையாறைத் தாண்டிப் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனேன். ஈர மணலில் உட்கார முடியவில்லை. மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு நின்றபடியே தின்றோம். நான் அலையைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். பென்சில்வேனியா, கொட்டகை, தார்ப்பாய், டை. ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். டையைக் கப்பலில் கொண்டுபோனால் அதற்கும் வரி உண்டு என்பதைக்கூடச் சொன்னேன்.

பாபு பஜ்ஜியை மென்று முடித்தான். "வால்டர்தான?"

அலையை விட்டு அவன் பக்கம் திரும்பினேன். "உனக்கு எப்டித் தெரியும்?"

"எனக்கு மெயில் போட்டான். பிளேடு இன்னா ஸ்டீலுன்னு கேட்டு. உன் பேரச் சொல்லித்தான் கேட்டிருந்தான். ரொம்ப நாளாச்சி."

"என்கிட்ட ஏண்டா கேக்கல?"

"நீ சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன். ஒவ்வொரு தடவ போன் வரும்போதும் இன்னிக்குச் சொல்லிடுவன்னு எடுப்பேன். நீ மழை பெய்யுதான்னு கேப்ப. நானும் பெய்யுதும்பேன்."

ஒரு நாய் வந்து எங்கள் காலடியில் முகர்ந்துவிட்டுப் போயிற்று. நான் அவன் கையைப் பிடித்தேன். எண்ணெய்க் கறை ஏறிய, சொரசொரத்த கை. அவன் அதை விலக்கவில்லை.

"குடுக்க மாட்டேன்க்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "இப்போ அங்க துருவி செய்யறவன் ஒருத்தனும் இல்ல. யாரக் காப்பாத்த இந்த வரின்னு அன்னிக்கு போன்ல நீயே கேட்டல்ல? ஒருத்தனும் இல்லாததால அது என்னிக்காவது போவும்னு எனக்கு ஒரு நம்பிக்க. நான் டை குடுத்தேன்னு வை, அப்புறம் காப்பாத்த ஒருத்தன் வந்துடுவான். அவனுக்கோசரம் வரி நின்னுடும். நானே எனக்குக் கதவ வெளியேர்ந்து பூட்டிக்கிற மாதிரி."

"வரி போகவே இல்லேன்னா?"

"போவாட்டி ஜாஃபர் பாய் கீறாரு. வேலூரு, நாகர்கோயிலுன்னு சரக்கு போவுது. பொழைச்சுக்குவேன். இங்க போட்ட வரிலதான் நான் நிக்கறேன், தெரியும். அதுக்கோசரம் வெக்கப்பட்டு பட்டறைய மூட முடியுமா? அங்க எட்டு குடும்பம் கீது." என் பக்கம் திரும்பிக் கேட்டான். "உன் கடை துருவி இல்லாட்டி ஓடாதா?"

"ஓடும். இட்லிக் குண்டான், குக்கர்னு எவ்ளோ இருக்கு."

"அப்புறம் இன்னா?"

கடை ஓடும், அதில் நீ இருக்க மாட்டாய் என்று வாய்வரை வந்தது. ஜாஃபர் பாய் கால்குலேட்டரில் தட்டித் தட்டிப் பேசியதைப் போல, எங்களுக்கும் சரக்கைத் தாண்டிப் பேச ஒரு பாஷை கிடையாது. "ஒண்ணுமில்ல" என்றேன். அவன் இன்னொரு தட்டு பஜ்ஜி வாங்கி வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் வால்டருக்கு எழுதினேன், டை வராது என்று. அவருடைய பதில் உடனே வந்தது. உன் தம்பியின் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன், வேறு வேலை ஏதாவது கண்ணில் பட்டால் என்னை நினைத்துக்கொள் என்று எழுதியிருந்தார். அந்தக் கொட்டகையின் அமைதி அந்த வரிகளுக்குள் இருந்தது. இரண்டு பட்டறைகளில் ஒன்றுதான் சத்தம் போட முடியும் என்று இந்த உலகத்தை யார் அமைத்தார்கள்?

*

கிளம்புவதற்கு முந்தின நாள் பட்டறையில் ஆள் குறைவாக இருந்தது. ஜாஃபர் பாயின் சரக்கு அன்றே போக வேண்டும். ரேவதியும் நானும் வேலைக்கு உட்கார்ந்தோம். என் கடை முகவரி ஒட்டியிருந்த பெட்டிகளைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. சங்கீதா ஈரத்துணியால் துடைத்துக் கொடுக்க, நான் ஒவ்வொரு பெட்டியிலும் என் பெயரை நகத்தால் சுரண்டி எடுத்தேன். சில சுலபமாக வந்தன. சில பாதி கிழிந்து, நியூ என்ற எழுத்தோடு நின்றன. அதன் மேலேயே புதுக் காகிதத்தை ஒட்டினோம்.

சில பெட்டிகளின் அடி நமுத்துப் போயிருந்ததால் பிரித்து மாற்ற வேண்டியிருந்தது. துருவிகளுக்கு நடுவே கசக்கித் திணித்த தமிழ்ப் பேப்பர்கள். அங்கே என் கடையில் பெட்டியைப் பிரித்ததும் நான் முதலில் எடுப்பது துருவியை அல்ல, அந்தப் பேப்பரைத்தான். மேஜையில் விரித்து, கையால் நீவி, பழைய செய்திகளை ஒரு வரி விடாமல் படிப்பேன். மயிலாப்பூரில் மின்தடை, அடையாறில் வீடு வாடகைக்கு, யாருக்கோ நீத்தார் நினைவு. அதைச் சொன்னதும் பாபு வேலையை நிறுத்தினான்.

"அதப் படிப்பியா நீ?"

"எல்லாத்தையும்."

"தெரிஞ்சிருந்தா நல்ல பேப்பரா பாத்துப் போட்டிருப்பேனே. பாதி நாளு விளம்பரப் பக்கத்தப் போட்டு அடச்சிருக்கேன்" என்றான். அவன் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

லாரி வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. வேலூரிலும் நாகர்கோவிலிலும் முகம் தெரியாத பெண்கள் அவற்றைப் பிரிப்பார்கள். ஒரு பெட்டியாவது வழி தவறி என் கடைக்கு வந்தால் போதும் என்று குழந்தையைப் போல நினைத்துக்கொண்டேன்.

விமான நிலையத்துக்கு மறுபடியும் குட்டியானையில்தான் போனோம். பாபு பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கித் தள்ளுவண்டியில் வைத்தான். பாஸ்போர்ட் இருக்கிறதா, போர்வை வைத்திருக்கிறாயா என்று கேட்டான். இருக்கிறது, இருக்கிறது என்றேன். போகாமல் நின்றான். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. ஒரு போலீஸ்காரர் விசில் ஊதினார்.

"அக்கா, நீ கடை தொறக்கற நேரம் எனக்குத் தெரியும். காலையில எத்தன மணிக்கு எழுவ?"

"ஆறு, ஆறரைக்கு. ஏண்டா?"

"சும்மா. கேட்டு வச்சுக்கறேன்." ஸ்டியரிங் பக்கம் போனவன் திரும்பினான். "ஞாயித்துக்கிழமைல?"

"ஞாயித்துக்கிழமை லேட்டாவும்" என்றேன். "நீ கூப்புடு, எழுந்துக்கறேன்."